மீதி நாற்பது நொடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நார்வேயில், டிரோன்ட்ஹைம் நகரத்தில் எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

டிசம்பர் 11. இசைக் கல்லூரியில் எனக்குக் கடைசித் தேர்வு. ஜாஸ், அரபு இசை, ராக ஆலாபனை, எங்கள் ஊர்ப் பிடில் என்று மூன்று வருஷம் மாய்ந்து மாய்ந்து படித்தது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். தேர்வாளர் தரும் உறைக்குள் மூன்று ஸ்வரங்கள் எழுதியிருக்கும். அவற்றை வைத்து அங்கேயே, அப்போதே கற்பனையாக வாசிக்க வேண்டும். மனப்பாடம் செய்ததை வாசித்தால் பெயில். தேர்வாளர் ஹால்வார்ட் ஒருவர்தான். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆரம்பி தோருன். அழுது வடியாம வாசி."

மணி 3.40. வெளியே ஏற்கெனவே கும்மிருட்டு.

இரண்டாவது நிமிடம்... சுவருக்குப் பின்னால் இன்னொரு வயலின். நான் வாசிப்பதையே வாசித்தது. எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலி பின்னால்தானே வரும்? இது எனக்கு அரை நொடி முன்னால் வந்தது.

வேண்டுமென்றே அரபு இசைக்குத் தாவினேன். அது எனக்கு முன்பே அங்கே போய்விட்டது.

3.49. சுவருக்குள் "டிங்"... தந்தி அறுந்த சத்தம்.

என் தந்தி அதற்குப் பிறகுதான் அறுந்தது.

நிறுத்திவிட்டேன்.

ஹால்வார்டின் முகம் வெளுத்திருந்தது.

"இதை யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. இப்பதான் மனசுல தோணிச்சு."

"புளுகாத. 1981ல ஆஸ்த்ரின்னு ஒருத்தி இதே ரூம்ல, இதே பரீட்சைல வாசிச்சது. ஒரு ஸ்வரம் மாறல. தந்திகூட அங்கேயேதான் அறுந்துச்சு."

அவர் எழுந்து கதவை மறித்து நின்றார்.

"இன்னும் நாற்பது செகண்ட் இருக்கு. மிச்ச மூணு தந்தியில வாசி, பாஸ் போடறேன். இல்லன்னா திருட்டுன்னு எழுதிடுவேன்."

பட்டம் போய்விடுமே! வில்லை வைத்தேன். விரல்கள் தாமாகவே நகர்ந்தன... அடுத்தது என்னவென்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கழுத்தருகே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

திருட்டு என்றே எழுதினார் அந்தப் பாவி. பட்டம் போயிற்று.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்த்ரி அந்த நாற்பது நொடியையும் வாசித்து முடித்தாளாம். கடைசி ஸ்வரத்தில், நின்றபடியே உயிர் போயிருக்கிறது. அன்று அவளுக்குப் பக்கத்தில் பியானோ வாசித்த மாணவன் ஹால்வார்ட்.

அடுத்த டிசம்பரில் ஐவின் என்ற பையன் அதே அறைக்குத் தேர்வுக்குப் போனான். பாதியில் தந்தி அறுந்ததாம். அவன் நிறுத்தவில்லை.

முழு மதிப்பெண்.

சான்றிதழை அவன் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனாள்.