எரர் இருபத்திரண்டு

கம்பஸில் படிக்கும்போது, கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தது ஒரே போடிங் அறை. நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன், அவன் யாழ்ப்பாணம். யுத்தத்தின் கடைசி வருடங்கள். சோதனைக்கு வரும் பொலிஸ்காரர்கள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். அவனுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

அவனுடைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக் கொடுத்தது நான்தான். லினக்ஸில் மெனு முழுக்கத் தமிழில் வரும். அதற்காகவே போட்டேன். வீட்டுக்கார அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அந்தத் தமிழ் எழுத்து வர்றத எடுத்துருங்க. பொலிஸ் வந்தா நான்தான் பதில் சொல்லணும்."

எடுப்பது என்ன பெரிய வேலை? விண்டோஸுக்குள் போய், லினக்ஸ் இருந்த பகுதியை அப்படியே அழித்தேன்.

"பிறகு இது வேலை செய்யுமோ?" என்றான் அவன்.

"என்னடா, யாருகிட்ட கேக்குற?"

நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் கறுப்புத் திரை. கிரப், எரர் 22. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மெஷின் எழும்பியதும் முதலில் வழி கேட்கிற இடத்தில் லினக்ஸ் வைத்த கிரப் என்ற துண்டு நிரல் இன்னும் இருந்தது. அது தேடுகிற பகுதியை நான் அழித்துவிட்டேன். விண்டோஸ் உள்ளே பத்திரமாக இருந்தது. அதற்குப் போக வழிதான் இல்லை.

"நல்லா எடுத்தாய் மச்சான். இனித் தமிழும் வராது, இங்கிலீசும் வராது."

நான் விண்டோஸ் சீடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது.

சார்ஜன் திரையைப் பார்த்தார். சிங்களத்தில், தம்பி என்பதற்கு மல்லி போட்டு, என்னிடம்தான் பேசினார். என் சிங்களம் கண்டிச் சிங்களம். "மல்லி, இதைத் திற. திறந்தால் பார்த்துவிட்டுப் போவோம். திறக்காவிட்டால் இவனும் மெஷினும் ஸ்டேஷனுக்கு."

அவன் கட்டிலில் உட்கார்ந்து என் கையையே பார்த்தான். சீடியைப் போட்டேன். ஆர் எழுத்தை அழுத்தி, ரிக்கவரி கொன்சோலுக்குள் போய், அந்தத் துண்டு நிரலை மாற்றி எழுத பிக்ஸ்எம்பிஆர் என்று அடித்தேன். இதைச் செய்தால் டிஸ்க்கில் உள்ளவை எட்டாமல் போகலாம் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. சார்ஜன் குனிந்து வாசித்தார்.

"அழிக்கப் பார்க்கிறாயா?"

"இல்லை சேர். வழக்கமாக வருகிற எச்சரிக்கைதான்."

"அழிந்தால் நீயும் ஜீப்பில் ஏறுவாய்."

ஆம் என்பதற்கான வை எழுத்தை அழுத்தினேன். சீடியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி போட்டேன். விண்டோஸ் எழும்பியது, அந்தத் தொடக்கச் சத்தத்தோடு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சார்ஜன் படங்களைத் திறந்தார். கோயில் திருவிழா, சைக்கிளில் அவன், மச்சாள்மார். மூடினார்.

"நல்லது. ஸ்டேஷனில் இதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இல்லை. இப்போது திறந்திருக்கிறது. கொண்டு போகலாம்."

"பார்த்துவிட்டுப் போவோம் என்றீர்களே, சேர்."

"பார்க்கத்தானே கொண்டு போகிறோம்."

உடுத்திருந்த சாரத்தை மாற்றக்கூட அவனை விடவில்லை. சீ.பி.யூவை அவனையே தூக்க வைத்தார்கள். படியில் அது சரிந்தபோது பொலிஸ்காரர் ஒருவர் சிரித்தார். "கவனம், அரசாங்கச் சொத்து."

"அம்மா போன் எடுத்தா லைப்ரரியில எண்டு சொல்லு," என்றான்.

சில நாள் கழித்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஸ்டேஷன் கம்ப்யூட்டர் எழும்பவில்லையாம். ஓடினேன். அங்கே போனால் அவனைப் பற்றிக் கேட்கலாம். வைரஸ்தான், திருத்தி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"அவனையா? மேலிடத்து ஆட்கள் கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று எங்களுக்குச் சொல்வதில்லை," என்றார் சார்ஜன். எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். "மல்லி, பிரின்டரும் காகிதத்தை இழுத்துச் சிக்க வைக்கிறது."

மாட்டேன் என்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் கேட்க இடமில்லை. பிளேன்டீயை ஓரமாக வைத்துவிட்டு, பிரின்டரின் மூடியைக் கழற்றினேன்.