பின்னால் ஓடிய கார்

எங்கள் பள்ளி அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மோட்டாரம்மா. நான் அக்கா என்பேன். நான் விளையாட்டு ஆசிரியன். மாடி வராந்தாவில் கோடு போட்டு அவர் பேட்டரி கார் பந்தயம் நடத்தும் நாளில், விசில் ஊதுவது மட்டும்தான் என் வேலை. “வியர்வையே வராத பந்தயம் இது ஒண்ணுதான்க்கா” என்று சீண்டுவேன். “உனக்கு விசிலாவது குடுத்தோமேன்னு சந்தோஷப்படு” என்பார்.

அட்டை, பாட்டில் மூடி, உடைந்த பொம்மையின் மோட்டார் இருந்தால் போதும், கார் தயார். ஈயம் வைத்து ஒயர் ஒட்டுவதில் மட்டும் அக்கா மகா கறார். “தப்பா ஒட்டின ஒயரைப் பாத்தா, யாரு வண்டின்னெல்லாம் பாக்காதீங்க. பிரிச்சு சரியா ஒட்டுங்க” என்று தலைபாடாய் அடித்துக்கொள்வார்.

ஆய்வக அலமாரி மேல்தட்டில் இருந்த சிவப்புக் காரின் ஒயரை மட்டும் அவர் பிரித்ததில்லை. அது அவருடைய ஒரே மகள் செய்தது. ஒயர்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டாள். கார் பின்னால் ஓடியது. பிரிக்கப் போன அம்மாவிடம், “மாத்தாதம்மா. நீ பின்னாடி நில்லு, நேரா உன்கிட்டதான் வரும்” என்றாளாம். அந்த வருடமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பாழாய்ப்போன காய்ச்சல்.

அதிலிருந்து, பந்தயம் முடிந்ததும் அக்கா அந்தக் காரைக் கோட்டில் வைப்பார். அது பின்னால் வந்து அவர் கைக்குள் நிற்கும். ஏன் என்று பிள்ளைகளுக்கு அவர் சொன்னதில்லை.

இந்த வருடமும் காரைக் கோட்டில் வைத்துவிட்டுப் பின்னால் போய்க் குந்தினார். கைகளை விரித்துக்கொண்டு, “தம்பி, சுவிட்சைத் தட்டு” என்றார். தட்டினேன்.

கார் முன்னால் ஓடியது. கோணாமல், அவரை விட்டு விலகி, வராந்தாவின் கடைசிச் சுவர் வரைக்கும் ஓடியது. பிள்ளைகள் ஒரே கைதட்டல்.

“நாங்கதான் மிஸ் சரி பண்ணோம்” என்றாள் ஒரு சிறுமி. “போன வருஷம் பின்னாடி ஓடுச்சுல்ல. பழைய ஈயத்தையெல்லாம் சுத்தமா சுரண்டிப் போட்டுட்டோம்.”

அக்காவின் கைகள் விரிந்தபடியே இருந்தன. பிறகு அந்தச் சிறுமியை அருகே இழுத்து, “நல்லா ஒட்டியிருக்கீங்கடா” என்றார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விசிலைக் கழற்றிப் பையில் போட்டேன்.

பிள்ளைகள் போன பின் ஆய்வகத்துக்குப் போனேன். “மறுபடி மாத்தி ஒட்டிடலாம்க்கா. சின்ன வேலைதானே.”

“ஒட்டலாம் தம்பி. பின்னாடியும் ஓடும்.” காரைக் கவிழ்த்துக் காட்டினார். “அவ வச்ச ஈயம் குண்டா, கன்னாபின்னான்னு இருக்கும். இது எவ்வளவு அழகா இருக்கு, பாரு.”

சொல்லிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.