சீல் அண்ணனின் குளிர் அறை

அந்த வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மனிதர்கள் இருந்தார்கள், இன்னொன்றில் காமிக்ஸ் இருந்தது. ஏசி இருந்தது காமிக்ஸ் அறையில்.

வீட்டுக்காரருக்கு ஏசி பழுது பார்ப்பதுதான் தொழில். வாசலில் நின்றபடியே உள்ளே ஓடும் ஏசிக்கு என்ன கோளாறு என்று காதால் கண்டுபிடித்துவிடுவார். ஓர் அலுவலகத்தில் கழற்றிப்போட்ட பழைய ஏசியைத் தோளில் சுமந்து வந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புதியதைவிட நன்றாக அவர் ஓடவைத்தபோது மனைவி நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அது எந்தச் சுவரில் ஏறுகிறது என்று பார்த்த பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் தையல்காரி. மெஷின் கிடந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில். தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வருகிறவர்கள் குளியலறைக்குள்தான் போக வேண்டும். ஈரத்தரையில் ஒற்றைக்காலில் தள்ளாடிவிட்டு வெளியே வருகிறவர்கள் இரண்டாம் முறை வருவது அபூர்வம். அந்த அறை மட்டும் கிடைத்தால் இங்கே ஓர் ஆளுயரக் கண்ணாடி, அங்கே ஒரு திரை, ஜன்னலோரம் துணி வெட்டும் மேஜை என்று அவள் மனதுக்குள் எப்போதோ கடை திறந்துவிட்டாள். கொஞ்சம் பொறு, விலை பழுக்கட்டும், விற்ற கையோடு அறை உனக்குத்தான் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆரம்பத்தில் அவரும் வாசகராகத்தான் இருந்தார். பழைய படக்கதைகளைப் பதிப்பகம் ஒன்று தடித்தடியான புத்தகங்களாக மறுபதிப்பு செய்யத் தொடங்கியபோது ஆசையாக வாங்கினார். பிறகு ஒரே கதைக்கு வேறு வேறு அட்டை போட்டு, ஒவ்வோர் அட்டையிலும் கொஞ்சம் பிரதிகளே அச்சடித்தார்கள். தவறிப்போய் இரண்டாக வாங்கிய ஒன்றை யாரோ இரட்டிப்பு விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்றோடு அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். பிரித்தால் பழசு, பிரிக்காவிட்டால் சொத்து.

கடற்கொள்ளைக் கதை ஒன்றுக்கு ஆறு அட்டைகள் வந்தன. ஆறையும் வரிசையாக அடுக்கிவைத்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“உள்ள எல்லாம் ஒரே கதையா?”

“ஒரு எழுத்து மாறாது.”

“ஒரே ஆளுக்கு ஆறு சட்டை மாத்திவிட்டு ஆறு பேருன்னு சொல்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

அவளுடைய தம்பி இன்னும் மோசம். எப்போது வந்தாலும் அந்தக் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மாமா, உள்ள இருக்கறவங்களுக்கு எப்படி இருக்கு? கண்ணு முழிச்சாங்களா?” என்று கேட்பான். அவர் சிரித்துக்கொள்வார். காகிதத்துக்கு எமன் ஈரம் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் பிழைப்பே காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவதுதானே.

பதிப்பகத்தின் உறைக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று. அதற்குள் ஈரம் உறிஞ்சும் வெள்ளை மணிப் பொட்டலங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அவைதான், கைநிறைய. காற்றை வெளியேற்றி, உறையின் வாயைச் சூடாக்கி அழுத்தி ஒட்டிவிடுவார். பகலிலும் இரவிலும் ஏசி ஓடும். சேகரிப்பாளர்களின் செல்போன் குழுவில் அவருக்கு ‘சீல் அண்ணன்’ என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டால் மற்றவர்கள் அவர் பக்கம் கைகாட்டுவார்கள். அவரும் படம் எடுத்துப் போட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். ஈரம் சுத்தமாக இருக்கக் கூடாது, ஒரு சொட்டுகூட.

விலை பழுக்கக் காத்திருந்தது திடீரென்று ஒரு வாரத்தில் முடிவுக்கு வந்தது. பெரிய துணிக்கடை ஒன்றின் முதலாளியம்மா, தன் கடைத் துணிகளுக்கு அளவு திருத்தும் வேலையை மனைவிக்கே மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை வந்து இடத்தைப் பார்ப்பாராம். அன்று மாலை மனைவி சத்தம் போடவில்லை. “அந்தம்மாவ குளியலறையிலயா நிக்க வைக்கறது?” என்று மட்டும் கேட்டாள். அவர் பழைய புத்தகக் கடைக்காரருக்கு போன் போட்டார்.

கடைக்காரர் வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர். அறைக்குள் வந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டார். அட்டைகளைப் பார்த்து மெச்சினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். சீலை உடைத்தால் மதிப்புப் போய்விடும் என்று இவர் பதறியபோது, “பிரிக்காம நான் எதையும் வாங்கறதில்ல தம்பி” என்றார்.

உறையைக் கீறி, கடற்கொள்ளைக் கதையின் முதல் அட்டையை எடுத்து நடுவில் விரித்தார். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். முதுகு இரண்டாகப் பிளந்து, பக்கங்கள் கொத்தாகக் கழன்று அவர் மடியில் விழுந்தன. இன்னொன்றை எடுத்தார். அதே சத்தம். மூன்றாவதிலும்.

நகத்தால் முதுகைச் சுரண்டியபோது பசை கண்ணாடிச் சில்லாக உதிர்ந்தது. “ஈரம் ஆகாதுதான்” என்றார் கடைக்காரர். “அதுக்காக இப்படியா எலும்பு வரைக்கும் காயப்போடுவாங்க?” உதிர்ந்த பக்கங்களை ஒழுங்காக அடுக்கி இவர் கையிலேயே கொடுத்தார். அட்டைகள் மட்டும் புதுசு மாறாமல் பளபளத்தன.

மீதி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்தால் போச்சு. கடைக்காரர் போனபிறகு அவர் அந்த அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு வழி பாக்கி இருந்தது. குழுவில் ஒரு பல் டாக்டர் உண்டு. இவருக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தவர். என்றைக்கு விற்றாலும் முழுசாக எனக்குத்தான் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவைத்திருந்தார். சீல் உடையாமல் வேண்டும் என்பது ஒன்றே அவர் நிபந்தனை.

“அவர் பிரிச்சுப் பாப்பாரா?” என்றாள் மனைவி.

“மாட்டார்.”

“அவர்கிட்டேருந்து வாங்கறவங்க?”

“அவங்களும் மாட்டாங்க.”

“அப்ப யாருக்கு என்ன நஷ்டம்? குடுத்துடுங்க.”

அவள் கேட்டதில் குதர்க்கம் எதுவும் இல்லை. இத்தனை வருஷமாக அவரும் பிரித்துப் பார்க்காமல்தானே வாங்கிவைத்தார். மறுநாள் ஒரு வீட்டில் ஏசியைக் கழற்றி அழுக்கு கழுவிக்கொண்டிருந்தபோதும் அந்தக் கேள்வி விடவில்லை. கடைசியில் டாக்டரை வரச் சொன்னார்.

டாக்டர் அட்டைப்பெட்டிகளோடு வந்தார், பெண் பார்க்க வந்தவர்போல முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “உங்க கை பட்டதுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்ண்ணே” என்றார். மனைவி நடையில் துணி மடிப்பதுபோல நின்றிருந்தாள்.

கண்ணை மூடிட்டு என்ற வார்த்தைதான் அவருக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. டாக்டர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். ஸ்குரூடிரைவர் முனையால் சீலைக் கிழித்தார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் புத்தகத்தை நடுவில் விரித்துவிட்டார். சுள்ளி ஒடிந்தது. பக்கங்கள் இரண்டு பேர் காலடியிலும் விழுந்தன.

டாக்டர் கீழே பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை.

“எல்லாமேவா?”

“தெரியல. நீங்க ஏமாறக் கூடாது.”

டாக்டர் குனிந்து ஒரு பக்கத்தை எடுத்து, விரலால் ஓரத்தைத் தடவினார். “அண்ணே” என்றார். “என் வீட்லயும் நீங்க சொன்ன மாதிரிதான் வெச்சிருக்கேன். ஒரு அறை நிறைய.”

ஏமாற்றக் கூடாது என்று நினைத்த ஆளை என்றோ ஏமாற்றியாகிவிட்டது. அவரை மட்டுமா?

“நான் பிரிச்சுப் பாக்கப்போறதில்ல” என்று சொல்லிவிட்டு டாக்டர் காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மனைவி வந்து கதவருகே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அலமாரியை ஒரு பார்வை அளந்தாள், டேப் வைத்து அளப்பதுபோல. பிறகு மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். புத்தகங்களைக் கட்டில் அடியில் தள்ளினார்கள். கண்ணாடி வாங்க வழியில்லை. தம்பி வீட்டு பீரோக் கதவில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம் என்றாள். திங்கட்கிழமைக்குத் திரை மட்டும் போதும்.

“இந்த ஏசியைக் கொஞ்சம் கொறைங்க” என்றாள் உட்கார்ந்தபடி. “கை வெறச்சுப்போகுது.”

ரிமோட்டைத் தேடும்போதுதான் போன் துடித்தது. குழுவில் யாரோ புது ஆள், ஒரு நர்ஸாம். பிள்ளைக்காகச் சேர்க்கிறாராம். சீல் அண்ணா, ஒரு புத்தகத்துக்கு எத்தனை பொட்டலம் போடலாம் என்று கேட்டிருந்தார்.

அவர் ஏசியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அடித்தார். உதிர்ந்த பக்கங்களைப் படம் எடுத்து அதோடு சேர்த்தார். எல்லோரும் ஒரு புத்தகத்தையாவது பிரித்துப் பாருங்கள் என்று கடைசியில் எழுதி, அனுப்பினார்.

பார்த்துவிட்டார்கள் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. நர்ஸ் எழுதவில்லை, டாக்டர் எழுதவில்லை, எப்போதும் முதல் ஆளாக வாய் திறப்பவர்கள்கூட எழுதவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் திட்டட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.