மூன்றாம் வகுப்பின் செக்கர்

சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும், எனக்குக் கோபம் வரும். அதனால் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். ஆறு பேர் வரிசையாக உட்கார வேண்டும். ஒரு பழைய ஷூ கைமாறிக்கொண்டே போகும். அது யார் கைக்கு வருகிறதோ, அவர் வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். கடைசியில் இருப்பவர் செக்கர். வாக்கியம் சரியென்றால் "பாஸ்". தப்பென்றால் "ரிஜெக்ட்", ஷூ முதல் ஆளிடமே திரும்பிப் போகும்.

பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே லைனிலும் ஷூ இப்படித்தான் கைமாறிப் போய்க் கடைசியில் செக்கரிடம் நிற்கும். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுவரை ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, செக்கரானதும் எல்லோரையும் ஆட்டிப்படைத்தாள். அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். என்மேலும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

ஒருநாள் அவள் அம்மா, கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, வந்து நின்றார்.

"நான் லைன்ல குந்தி தைக்கறது போதாதா டீச்சர்? எம் பொண்ணு அங்க குந்தக் கூடாதுன்னுதான் இங்க சேத்தேன். நீங்களும் அதையே பண்ணா இன்னா அர்த்தம்? டி.சி. குடுத்துடுங்க."

சுருக்கென்றது. வகுப்பைப் பார்க்காமலே பேசுகிறாரே என்று கோபமும் வந்தது. "ஒரு தடவை உட்கார்ந்து பாத்துட்டு அப்புறம் வாங்கிக்குங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டு வந்தார். மகளை லைனில் நேரிலேயே பார்த்தால் என்ன சொல்வாரோ என்று பயந்து, ஷூவை மேசைமேல் வைத்துவிட்டேன். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஷூவுக்குப் பதிலாக ஒரு பந்தைக் கொடுத்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என் மானம் கப்பலேறியது.

சிறுமிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் ஷூவை எடுத்து வந்தாள். நாலு பேரை வரிசையாக உட்கார வைத்து, ஐந்தாவதாகத் தன் அம்மாவையே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கடைசியில் தான் உட்கார்ந்தாள்.

"மை" என்றது முதல் குரல். "மதர்." "மேக்ஸ்." "குட்." ஷூ அம்மாவிடம் வந்தது. பழக்கத்தில் அதைத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு, "ஷூஸ்" என்றார்.

மகள் ஷூவை வாங்கிக்கொண்டு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஸ்!" என்று சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும், "டி.சி.?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் டீச்சர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க செக்கர் ஒருநாளும் எங்களப் பாத்து சிரிச்சதில்ல."