நைனாவின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

என் நைனாவுக்கு இதய நோய் வந்தது காலில் ஆணி குத்தியதால்தான். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நடந்தது அதுதான்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக்கடை. முன்னால் கடை, பின்கட்டில் வீடு. சரக்குப் பெட்டி உடைத்த பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை நைனா மிதித்துவிட்டார். ஊசி போட்டுக்கொள்ள, பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் போனார். அந்த மனிதர் கடமையில் கெட்டி. காலைக் காட்ட வந்தவரின் நெஞ்சிலும் குழாயை வைத்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் வைத்தார்.

"ஹார்ட்ல ஒரு சத்தம் கேக்குது. வால்வு பலவீனமா இருக்கலாம். மேடு ஏறாதீங்க. திடீர்னு அதிர்ச்சி எதுவும் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த 'இருக்கலாம்' வீடு வந்து சேரவில்லை. வழியிலேயே எங்கோ தொலைந்துவிட்டது. 'ஹார்ட்டு' மட்டும்தான் வந்தது. அது நைனாவுக்கு முன்னால் வந்தது. டீக்கடையில் சொல்லி, வெற்றிலைக் கடையில் சொல்லி, அம்மா காதுக்கு வந்தபோது நைனா பாதி செத்திருந்தார்.

நான் அப்போது தலைப்பிரசவத்துக்காகப் பாண்டிச்சேரியிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி என்று என்னைத் தாங்குவார்கள் என்று நினைத்து வந்தால், வீட்டில் எல்லோரும் நைனாவைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சித்திரை தவறாமல் கோட்டை மலை ஏறி அம்மனைக் கும்பிட்டு வந்த மனிதர், கடைப் படியில் கால் வைக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தலையில் எண்ணெய்ப் பானை இருப்பதுபோல நடந்தார். ரேடியோவில் சண்டைச் செய்தி வந்தால் அம்மா ஓடிப்போய் அணைப்பாள். பாத்திரம் கீழே விழுந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்கும். தெருவில் எவனாவது உரக்கப் பேசினால் பக்கத்துக் கடைக்காரர், "மெதுவா பேசுய்யா, ஹார்ட்டுக்காரரு உக்காந்துக்கினு இருக்காரு" என்பார். நைனாவும் அதைக் கேட்டுக்கொண்டு, ஆமாம் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பட்டம் அவருக்கு அவ்வளவு பொருந்திவிட்டது.

நைனாவுக்கு ஒரே அக்கா, என் அத்தை. தாயில்லாத பிள்ளையான அவரைத் தூக்கி வளர்த்தவள். அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புதுச் சரக்கு வந்து கட்டுப் பிரித்ததும் நைனா முதல் வேலையாக அவளுக்கு ஒரு சேலையை எடுத்து ஒதுக்கி வைப்பார். அதற்குப் பிறகுதான் வியாபாரம். அம்மாவுக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனாலும் அத்தை வந்தால் அவளுக்குத் தலை பின்னிவிடுவது அம்மாதான்.

அந்த அத்தை ஒரு நாள் காலையில் சமைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து போய்விட்டாள். துஷ்டி சொல்ல அவலூர்பேட்டையிலிருந்து ஆள் பஸ் ஏறி வந்தான். டீக்கடைக்காரர் அவனைக் கடைக்குப் போகவிடாமல் மடக்கிச் சந்து வழியாகப் பின்கட்டுக்குக் கூட்டிவந்தார். சேதியைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுதால் கடையில் கேட்டுவிடுமே.

"உங்க நைனாக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ரெண்டு பொணமாயிடும்" என்றாள் என்னிடம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். அத்தைக்கு இருந்தது ஒரே தம்பி. அவன் கை படாத கோடியா அவளுக்கு? அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. என் தாய்மாமனைக் கூப்பிட்டாள்.

"நீ போயி கோடி வேணும்னு கேளு. யாருக்குன்னு சொல்லாத. அவரு கையால எடுத்துக் குடுத்தா போதும். அவருக்குத் தெரியாட்டியும் அந்தப் புண்ணியவதிக்குத் தெரியும்" என்றாள்.

இப்படி ஒரு யோசனை என் அம்மாவுக்கு மட்டும்தான் வரும். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான், கோடியா? யாரு போயிட்டாங்க?" என்றார் நைனா.

"நம்மளவங்க இல்ல மாமா. வளத்தி கிராமத்துல தெரிஞ்சவரு வூட்ல. சுமங்கலி."

"எவ்ளோ தெரிஞ்சவரு?"

மாமா விழித்தார். "சும்மா, தெரிஞ்சவருதான்."

நைனா குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை உருவிப் போட்டார். "இது போதும். சாயம் போவும்னு ஒதுக்கி வெச்சது. இனிமே தொவைக்கவா போறாங்க?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்தார்.

"கொஞ்சம் நல்லதா குடு மாமா."

"தெரிஞ்சவன் வூட்டுக்கு இதுக்கு மேல போட்டா சொந்தக்காரன் கோவிச்சிக்குவான். எடுத்துக்கினு போ."

மாமா அதைச் சுருட்டிக்கொண்டார். பின்கட்டுக்கு வந்து அம்மா கையில் சேலையைக் கொடுத்தார். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். சல்லடைத் துணி. நான், "வேற நல்லதா எடுத்துக்கலாம்மா" என்றேன். "அவரு கையால குடுத்துட்டாரு. மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

திண்டிவனத்தில் கல்யாணம் என்று நைனாவிடம் சொல்லி, பட்டுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு அம்மா சாவுக்குப் போனாள். பஸ் ஊரைத் தாண்டியதும் பூவைப் பிய்த்து எறிந்தாளாம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதால் நான் நைனாவோடு இருந்தேன். அவர் மோர்க்குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. குழம்பை ஊற்றினேன்.

கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சேதி ஒரு மாதம் போல நைனா காதுக்கு மட்டும் வராமல் இருந்தது. இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அவ்வளவு பேருக்கும் அவர்மேல் அவ்வளவு பிரியம். கடைசியில் அவலூர்பேட்டையிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு செஞ்சிக்கு வந்த ஒரு கிழவி, அத்தையின் எதிர்வீட்டுக்காரி, கடை வாசலில் நின்று ஒரு பிடி பிடித்தாள்.

"பொறந்தவ சாவுக்கு வராம இருந்துட்டியே மொதலாளி! வராட்டி போவுது, இம்மாம் பெரிய கடைய வெச்சிக்கினு சாயம் போற சேலயா அனுப்புவ? தண்ணி பட்டதும் செவப்பு எறங்கி அவ கையெல்லாம் ரத்தமாட்டம் ஆயிடுச்சி. ஊரே பேசிச்சி."

நைனா கஜக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்தாள்.

"எங்கக்கா செத்ததுகூட எனக்குத் தெரியக் கூடாதுன்னா, நான் எதுக்குடி உசுரோட இருக்கணும்?" என்றார்.

சைக்கிளை எடுத்தார். "ஐயோ, மிதிக்காதீங்க" என்று அம்மா பின்னாலேயே தெருவில் ஓடினாள். பக்கத்துக் கடைக்காரர் ஓடினார். ஹார்ட்டுக்காரரை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. மொட்டை வெயிலில் அவலூர்பேட்டை வரைக்கும் மிதித்திருக்கிறார். அடுத்த பஸ் பிடித்து அம்மாவும் மாமாவும் போய்ச் சேர்ந்தபோது, அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டு அழுதாராம். ஊரே கூடி நின்றதாம். மயங்கி விழுவார், விழுவார் என்று அம்மா சொம்பில் தண்ணீரோடு காத்திருந்தாளாம். அவர் விழவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, அங்கேயே சோறு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. எனக்குப் பெண் பிறந்து நான் பாண்டிச்சேரி திரும்பியதும், என் வீட்டுக்காரர் சொல்லிவைத்து நைனாவை அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். நானும் அம்மாவும் கூடப் போனோம். படம் எடுத்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், எழுந்து குதிக்கச் சொன்னார்கள். நரைத்த தலை டாக்டர் ஒருவர் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார்.

"சத்தம் இருக்கு. செஞ்சி டாக்டர் பொய் சொல்லல. சில பேருக்கு இப்படிக் கேக்கும், பொறப்புலேருந்தே இருக்கும். அது நோயே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே. மலை ஏறுங்க, மூட்டை தூக்குங்க, சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றார்.

அம்மா சந்தோஷத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நைனா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆனால் போகவில்லை. மேசைக்கு முன்னால் அப்படியே நின்றார்.

"இன்னும் என்ன பெரியவரே?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்" என்றார் நைனா. "ஒண்ணும் இல்லாததுக்கா நான் எங்கக்கா மொகத்த பாக்காத வுட்டேன்?"