வாய்க்கூடை

என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னக் கூடை அது. மூங்கிலைச் சன்னமாகச் சீவிப் பின்னியது. இரண்டு பக்கமும் கயிறு கோக்கக் கண் விட்டிருக்கும். ஆட்டின் வாயில் மாட்டிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டால் ஆடு மூச்சு விடலாம், கத்தலாம், ஆனால் ஓர் இலையைக்கூடக் கடிக்க முடியாது. போன மாதம் மலைமேல் கொட்டச்சேட்டில் என் இரண்டு ஏக்கரில் ஆட்டுப்பட்டி கட்டினேன். கதவு வைப்பதற்கு முன்பே தூணில் ஓர் ஆணியை அடித்து இந்தக் கூடையைத்தான் மாட்டினேன். ஆடு வரும் முன்னே வாய்க்கூடை வந்துவிட்டதா என்று என் மனைவி போனில் சிரித்தாள். அது எந்த ஆட்டின் கூடை என்று அவளிடம் நான் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி இரண்டு வருடமாகச் சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டுமே. மாதம் ஒருமுறை மலையேறி வருவாள், வந்த மறுநாளே குளிர் தாங்கவில்லை என்று பையை எடுப்பாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். காலையில் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டால் ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பார்கள். அந்த மிடுக்கிலேயே காலம் போய்விட்டது. இப்போது கூப்பிடப் பெயர் இல்லை. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் பால்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்ல வாய் திறந்தேன், தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு நாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஓர் ஆடு வளர்ப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகு என் ரைட்டர் புத்தி சும்மா இருக்குமா? வீடியோ வீடியோவாகப் பார்த்து நோட்டில் எழுதினேன். மலை ஈரம் ஆட்டின் காலுக்கு ஆகாது என்றார்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் சில்வர் ஓக் பலகை அடித்துப் பரண் போட்டேன். புழுக்கை கீழே விழ வேண்டும், ஆனால் குளம்பு மாட்டக் கூடாது. அதற்காக விரல் அளவு இடைவெளி விட்டு ஒவ்வொரு பலகையையும் நானே தடவிப் பார்த்தேன். மேகம் இறங்கும் பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டினேன். மிளகுக்கொடி ஏறிய முள்ளுமுருங்கை மரங்கள் நிறைய இருக்கின்றன, தழைக்குக் கவலையில்லை. இவ்வளவும் ஆன பிறகு கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்கப் போனேன். எத்தனை ஆடு என்று கேட்டார்.

"ஒண்ணுதானுங்க. தொணைக்கு."

"உங்களுக்குத் தொணை, சரிங்க. அதுக்கு?" என்றார். "ஒத்தை ஆடு கத்தியே எளச்சுப் போயிருமுங்க."

அது எனக்குத் தெரியாத சேதி இல்லை. ஒற்றை ஆடு வைத்திருந்த ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும்.

எஸ்டேட்டில் அவரைத் தண்ணிக்காரம்மா என்போம். பழம் பறிக்கிறவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. எஸ்டேட் ஆட்களுக்கான லைன் வீட்டில் தனியாக இருந்தார். புருஷன் பிழைக்கப் போனவன், திரும்பவில்லை. லைனில் ஆடு வளர்க்கக் கூடாது என்பது சட்டம், ஏனென்றால் காப்பிக் கன்றைக் கண்டால் ஆடு விடாது. இவர் மட்டும் ஒரு செவலை ஆட்டை வைத்திருந்தார். வீட்டில் கட்டிவிட்டு வந்தால் அது லைனே அதிரக் கத்தும். அதனால் கூடவே கூட்டிவர அனுமதி கேட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அவரே பின்னிய இந்தக் கூடை. "காப்பிக்குள்ள இருக்கற வரைக்கும் வாயக் கட்டியே வெச்சிருப்பனுங்க" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அன்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு அவர் முன்னால் போக, வாயில் கூடையோடு அந்த ஆடு பின்னால் போகும். பறிக்கிற பெண்கள் அதற்கும் ஒரு கை தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கேலி செய்வார்கள். பாறை மேட்டுக்குப் போனதும் கூடையைக் கழற்றிவிடுவார். அது மேயும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பார். பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் காலை நர்சரியில் மூன்று பாத்திக் கன்றுகள் குருத்தில்லாமல் மொட்டையாக நின்றன. மேனேஜர் என்னைப் பார்த்தார். எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஓர் ஆடு, அதற்கு அனுமதி கொடுத்தவன் நான். யோசிக்கவே இல்லை. களத்தில் எல்லோர் முன்னாலும் அவரைக் கூப்பிட்டு, "இங்க ஆடு இருக்கோணும், இல்லாட்டி நீ இருக்கோணும்" என்றேன். கூடை கட்டித்தான் ஓட்டினேன் என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் கையிலிருந்த கூடையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆட்டைக் கறிக்கடைக்கு ஓட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள் விடிந்ததும் நர்சரிக்குப் போனேன். பாத்தி நடுவில் ஒரு முயல் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஒரு குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தண்டும் கத்தியால் அறுத்ததுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. ஆடு கடித்தால் பிய்ந்து நார் தொங்கும். இது முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது. வலை அடிக்கச் சொன்னேன். மேனேஜரிடம் முயல் என்று சொன்னேன், அவர் சிரித்தார். களத்தில் சொல்லவில்லை. தப்பாகப் பேசிவிட்டேன் என்று ரைட்டரே சொன்னால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று நினைத்தேன். தண்ணிக்காரம்மா அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரை நான் வாங்கிக் குடித்தேன்.

இப்போது அவர் மஞ்சக்குட்டையில் தங்கை மகள் வீட்டோடு இருக்கிறார், ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. டாக்டர் ஒற்றை ஆடு பற்றிச் சொன்ன மறுநாள் ஆணியிலிருந்து கூடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒண்டிக்கடையில் ஜீப் மாறினேன். இதேபோலக் கூடை பின்னித் தரச் சொல்லிக் கேட்பது, அப்படியே ஆடு விலைக்குக் கேட்பது, அப்படியே அந்த விஷயத்தையும் சொல்லிவிடுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். மூன்றாவதை மட்டும் ஒவ்வொரு வளைவிலும் தள்ளிப்போட்டேன்.

"ரைட்டருங்களா! ஏனுங்க, இத்தன தூரம்?" என்று எழுந்து வந்தார். முகம் சுருங்கியிருந்தது, நடை மட்டும் அதே நடை. ஆட்டுக்குப் பட்டி கட்டியிருக்கிறேன் என்றதும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பரண் உயரம் கேட்டார், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். "கடையில வாங்காதீங்க. என்ற பட்டியிலருந்தே ரெண்டு மறியாட்டுக் குட்டி ஓட்டிட்டுப் போங்க. அக்கா தங்கச்சிங்க, பிரியாதுங்க" என்று இரண்டு குட்டிகளைக் காட்டினார். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. காப்பித் தோட்டம் தாண்டி மேய்ச்சலுக்குப் போகத் தயாராக எல்லா ஆட்டுக்கும் வாய்க்கூடை கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் காதுக்குப் பின்னாலும் இரண்டு முடிச்சு. ஏன் இரண்டு என்று கேட்டேன்.

"அன்னிக்கு நாந்தானுங்க முடிச்ச எறுக்காம உட்டுட்டேன். அது கழட்டிப் போட்டுப் போய்த் தின்னுருச்சு. உங்களுக்கு மேனேஜருகிட்ட நொம்பச் சங்கடம். அதிலருந்து ரெண்டு முடிச்சுப் போடறனுங்க" என்றார். ஓர் ஆட்டின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "போற வழியெல்லாம் அதத் திட்டிக்கிட்டேதான் கறிக்கு ஓட்டிட்டுப் போனனுங்க" என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு குட்டிகளும் அன்றைக்கே என் பட்டியில் இருந்திருக்கும். அப்படியே இருந்துவிடலாம் என்று நினைக்கவும் செய்தேன், மறைக்க மாட்டேன். குட்டிகளைப் பார்த்தேன், முடிச்சுகளைப் பார்த்தேன். பையிலிருந்து கூடையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அம்மா, அது தின்னலீங்க. முயலுங்க. நாலு நாள்லயே எனக்குத் தெரியும். நான் சொல்லல" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தின்னலீங்களா?" என்று கேட்டார். மறுபடியும், "தின்னலீங்களா?" என்றார். அப்புறம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்ணில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடும் கயிறு அந்தக் கண்ணில்தான் ஏறும். மூன்று மணி ஜீப்பின் ஹாரன் கேட்டதும் நான் எழுந்தேன். குட்டிகளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் ரோட்டுக்கு வந்தார். கூடை அவர் கையிலேயே இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அது பேரு சிட்டுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்றார்.

ஆயிற்று, மூன்று வாரம். சந்தைக்குப் போய் வேறு ஆடு வாங்கலாம்தான், போகவில்லை. பரணை இரண்டு ஆடு படுக்கும்படி இன்னும் ஒரு முழம் அகலப்படுத்தியிருக்கிறேன். சாயங்காலம் மேகம் இறங்குவதற்குள் தார்ப்பாயை அவிழ்த்து இறக்கிவிடப் பட்டிக்குப் போவேன். தூணில் ஆணி வெறுமனே இருக்கும். எதிரே நின்று "சிட்டு" என்று ஒருதரம் சொல்வேன். சில நாள் நான் வாய் திறந்து சொல்வது அந்த ஒரு வார்த்தைதான்.