எங்கள் வாசலில் செவ்வந்தி வைத்த ஆண்டு

அந்த ஒக்டோபரில் என் கணவர் பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டு முன்புறத்தை என் விருப்பப்படி அலங்கரிக்க எனக்கு வாய்த்த நேரம் அதுதான். பல வருட ஆசை. இலை உதிரத் தொடங்கினால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூச்சட்டியும் பூசணிக்காயும் வாசலுக்கும், இலைவளையம் கதவுக்கும் வந்துவிடும். எங்கள் வாசலில் மட்டும் குப்பைத்தொட்டிகள் காவல் நிற்கும். என் கணவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

அலங்காரம் ஆசைக்காக மட்டுமல்ல. அவர் மனம் விட்டுப்போயிருந்தார். இருபத்தைந்து வருடம் டெலிவரி வான் ஓட்டி, பெட்டி தூக்கி இறக்கிய மனுஷன், வார்டில் பத்தடி நடக்க என் கையைப் பிடித்தார். "நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கிறாங்கள். அசைஞ்சால் விட்டிடும்" என்பார். நடைதான் மருந்து, படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி மறுபடி இங்கேதான் வர வேண்டும் என்று தாதி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. "இனி என்ன இருக்கு" என்று சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயம் பிடித்தது. வீட்டைப் பார்த்ததும் இந்த மனுஷனுக்கு உள்ளே வர ஆசை வரவேண்டும் என்று நினைத்தேன்.

எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. கதவுக்கு இரண்டு பக்கமும் பெரிய செவ்வந்திச் சட்டிகள், மஞ்சளும் வெள்ளையுமாக. ஜன்னலுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஹெதர் பூச்செடி, அதன் நடுவே அழகுக்கு வளர்க்கிற சுருட்டை இலை முட்டைக்கோவா. படியில் சின்னதும் பெரியதுமாகப் பூசணிக்காய்கள். கதவுக்கு நானே ஒரு வளையம் கட்டினேன். பிரம்பு வளையத்தில் செம்பு நிற இலைகள், காட்டு ரோஜாவின் சிவப்புக் காய்கள், காய்ந்த ஹைட்ரேஞ்சியாப் பூ. எடுப்பாக இருக்கட்டும் என்று சுற்றிவர வெள்ளைச் செவ்வந்தி. பசைத் துப்பாக்கி இரண்டு விரலைச் சுட்டது. தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். எங்கள் தெருவிலேயே என் வாசல்தான் வாசல்.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்சியில் வந்து இறங்கினார். என் தோளைப் பிடித்தபடி கேற்றைத் தாண்டியவர், கதவைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"ஆருக்கு இது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்!" என்றேன், பெருமை தாங்காமல்.

முகத்தில் மிச்சமிருந்த இரத்தமும் வடிந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நம்மவர்கள் மலர்வளையத்தை எங்கே கண்டிருக்கிறோம்? செத்த வீட்டில், பெட்டியின் மேல். அதைக் கட்டி வாசலில் மாட்டி, உங்களுக்குத்தான் என்று வாயாலும் சொல்லிவிட்டேன்.

உடனே கழற்றியிருக்கலாம். கழற்றினால் பிழை செய்தேன் என்று ஆகிவிடும். "வெள்ளைக்காரர் எல்லாரும் மாட்டியிருக்கினம், பாருங்கோ" என்று தெருவைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதிரையில் இருந்தவர்தான், கழிவறைக்குப் போவதற்கு மட்டும் என் கையைப் பிடித்து எழும்பினார். இரண்டு நாள் ஏசினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. நானே இவரைக் கொன்றுவிட்டேனோ என்று குசினியில் அடுப்படியில் நின்று யோசித்தேன்.

சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண், அடுக்குச் சட்டியோடு நின்றாள். பாரிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டுப் போன வருடம்தான் இங்கே வந்தவள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, அண்ணை..." என்று சட்டியை என் கையில் திணித்தாள்.

"அண்ணைக்கு என்ன? உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்."

பூசணிக்காய்களுக்கு நடுவே படியில் பொத்தென்று இருந்துவிட்டாள். "பாரிஸிலை இந்தச் செவ்வந்தியைக் கல்லறைக்குத்தான் கொண்டு போறவை, அக்கா. ரெண்டு பக்கமும் சட்டி, கதவிலை வளையம். நான் வேறை என்னத்தை நினைக்கிறது? உங்கட வீட்டிலை அடுப்பு எரியாது எண்டு இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தனான்."

செத்த வீட்டில் சமைக்க மாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். அவள் நம் வழக்கத்தைச் சரியாகத்தான் செய்திருந்தாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"வேறை ஆருக்கும் சொன்னனீரோ?"

"எட்மண்டன் அண்ணைக்கு மட்டும். விடியத்தான் போன் பண்ணிச் சொன்னனான்."

மட்டுமாம்! லண்டனிலேயே இருக்கும் அந்த எட்மண்டன்காரர் என் கணவரோடு இந்த நாட்டுக்கு வந்து, ஒரே அறையில் இருந்து, ஒரே கம்பளிக் கோட்டை முறைவைத்துப் போட்டவர். அவளையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. செத்த வீட்டுக்கு நம்மை யாரும் அழைக்கத் தேவையில்லை, காதில் விழுந்ததும் புறப்பட்டுவிடுவோம். இவரும் ரெயிலில் ஏறியிருப்பார். பைபாஸ் முடிந்து வந்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிக்கவில்லை, கேற்றடியில் குரல் கேட்டது.

"மச்சான், என்னை விட்டிட்டுப் போட்டியேடா!"

தெருவே கேட்கும் அழுகை. கதவைத் தட்டக்கூட இல்லை, வளையத்தைப் பார்த்துக்கொண்டே அழுகிறார் போலும். நான் அவரை மறிக்கப் போனேன்.

"இரும்" என்றார் என் கணவர்.

திரும்பிப் பார்த்தேன். எழும்பும்போது தையலுக்குத் தாங்கலாகத் தாதி கொடுத்துவிட்ட சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதிரையிலிருந்து தானாக எழும்பிக்கொண்டிருந்தார். முகத்தில் எரிச்சல். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் கண்ட எரிச்சல்.

"இவன் இப்பிடிக் கத்தினால் இவனுக்குத்தான் அட்டாக் வரும். நான் போறன்."

கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. சுவரையும் பிடிக்காமல், மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனார். எதிர்வீட்டுப் பெண் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். கதவு திறந்தது. அழுகை சட்டென்று நின்றது.

"உள்ளுக்கை வாடா, குளிருது" என்றார் என் கணவர்.

நான் பின்னால் போகவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அழுதேன்.